புளோரிடா பள்ளிகளில் எல்ஜிபிடி (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) பற்றி ஆசிரியர் வாயே திறக்கக் கூடாதா? சட்டம் உண்மையில் எதைத் தடுக்கிறது?

கேள்வி இதுதான்: "தோழி ஒருத்தி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள டாம்பாவில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகச் சேரப் போகிறாள். இரண்டு அம்மாக்கள் உள்ள குழந்தை வகுப்பில் இருந்தால் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது, விட்டால் வேலை போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். சட்டம் அப்படியா சொல்கிறது?"

அப்படிச் சொல்லவில்லை. சட்டம் தடுப்பது இந்த விஷயத்தில் பாடம் நடத்துவதை. குழந்தை தன் வீட்டைப் பற்றிப் பேசுவதையோ, ஆசிரியர் அதற்குப் பதில் சொல்வதையோ அது தொடவில்லை. ஆனாலும் உங்கள் தோழியிடம் பேசியவர்கள் வெறும் வதந்தியைச் சொல்லவில்லை. அந்தப் பயத்தை உண்டாக்கும்படிதான் சட்டமே கட்டப்பட்டிருக்கிறது. எழுத்தில் இருப்பதையும், புகார் போகும் பாதையையும் தெரிந்துகொண்டால் எங்கே பயப்பட வேண்டும், எங்கே வேண்டாம் என்பது பிடிபடும்.

முதலில் எழுத்தில் இருப்பது. ஹவுஸ் பில் 1557 என்ற மாநில மசோதாவில் ஆளுநர் ரான் டிசாண்டிஸ் 2022 மார்ச் 28 அன்று கையெழுத்திட்டார். ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசு வைத்த பெயர் 'பேரண்டல் ரைட்ஸ் இன் எஜுகேஷன்' (கல்வியில் பெற்றோர் உரிமைகள்). எதிர்ப்பாளர்கள் வைத்த 'டோன்ட் சே கே' ('கே' என்று சொல்லாதே) என்ற பெயர்தான் உலகம் முழுக்கப் பரவியது. உயிர்நாடியான வாக்கியம் ஒன்றுதான்: கிண்டர்கார்டன் முதல் மூன்றாம் வகுப்பு வரை பாலின ஈர்ப்பு, பாலின அடையாளம் ஆகியவை பற்றிப் பள்ளி ஊழியரோ வெளியாரோ வகுப்பறையில் போதிக்கக் கூடாது, மற்ற வகுப்புகளிலும் மாநிலத் தரநிலைகளின்படி வயதுக்குப் பொருந்தாத விதத்தில் போதிக்கக் கூடாது.

மசோதாவின் முகப்பில் 'கலந்துரையாடல்' என்று இருந்தது. உள்ளே, சட்டமாகச் செல்லுபடியாகும் பகுதியில், 'போதனை' என்று மட்டுமே இருந்தது. போதனை என்றால் என்ன என்று எங்கும் வரையறை இல்லை. வயதுக்குப் பொருந்துவது எது என்பதை விளக்கும் வழிகாட்டிகளையும் தரநிலைகளையும் திருத்த மாநிலக் கல்வித் துறைக்குக் கொடுத்த கெடுவோ 2023 ஜூன் 30. அதாவது, விளக்கம் வந்து சேர வேண்டிய நாளுக்கு ஒரு வருடம் முன்பே தடை அமலுக்கு வந்துவிட்டது. ஒரு முழுக் கல்வியாண்டை ஆசிரியர்கள் ஊகத்திலேயே ஓட்டினார்கள்.

பிறகு எல்லை விரிந்தது. 2023 ஏப்ரல் 19 அன்று மாநிலக் கல்வி வாரியம் ஆசிரியர் நடத்தை விதியைத் திருத்தி, 4 முதல் 12 வரையிலான வகுப்புகளையும் உள்ளே கொண்டுவந்தது. தரநிலைகள் வெளிப்படையாகக் கேட்டாலோ, பிள்ளையை அனுப்பாமல் இருக்கப் பெற்றோருக்கு உரிமையுள்ள இனப்பெருக்க நலப் பாடத்தின் பகுதியாக இருந்தாலோ மட்டும் விலக்கு. அடுத்த மாதமே, மே 17 அன்று, ஹவுஸ் பில் 1069 கையெழுத்தாகி, கிண்டர்கார்டனுக்கு முந்தைய மழலையர் வகுப்பு முதல் 8 வரை என்று சட்டத்திலேயே ஏறியது. அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தோடு நடக்கும் சார்ட்டர் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன. தனியார் பள்ளிகளுக்கு இந்தத் தடை கிடையாது. உங்கள் தோழி குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய இடம் அந்த வாரிய விதி. ஆசிரியரின் சான்றிதழை இடைநிறுத்தவோ பறிக்கவோ அதுதான் வழி விடுகிறது. அதில் 'வேண்டுமென்றே' போதித்தால் என்ற சொல் இருக்கிறது. குழந்தை கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்வது வேறு, திட்டமிட்டுப் பாடம் எடுப்பது வேறு என்று வாதாட அந்தச் சொல் கைகொடுக்கும்.

இனி புகார் போகும் பாதை. என் பார்வையில் இந்தச் சட்டத்தின் கூர்மை முழுவதும் இங்கேதான். பெற்றோர் முதலில் பள்ளி முதல்வருக்குத் தெரிவிக்க வேண்டும். 7 நாட்களுக்குள் தீர்வு காண நடைமுறை இருக்க வேண்டும். தீராவிட்டால், தெரிவித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பள்ளி மாவட்டம், அதாவது அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, அதைத் தீர்க்க வேண்டும், அல்லது ஏன் தீர்க்கவில்லை என்று எழுத்தில் காரணம் தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் பெற்றோருக்கு இரண்டு கதவுகள். ஒன்று, மாநிலக் கல்வி ஆணையரிடம் சிறப்பு மாஜிஸ்திரேட் ஒருவரை நியமிக்கக் கேட்கலாம். நிர்வாகச் சட்டத்தில் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் விசாரித்து வாரியத்துக்குப் பரிந்துரை அனுப்புவார். செலவு மாவட்டத்தின் தலையில். இரண்டு, நேராக நீதிமன்றம் போகலாம். பெற்றோர் ஜெயித்தால் அவர்களுடைய வழக்கறிஞர் கட்டணத்தை மாவட்டம் கட்டியே ஆக வேண்டும். நஷ்ட ஈட்டுக்கும் இடமுண்டு.

வழக்கு ஆசிரியர் மீது அல்ல, மாவட்டத்தின் மீது. கேட்க ஆறுதலாக இருக்கும், நடப்பு வேறு. செலவு தன் தலையில் விழும் என்று தெரிந்த மாவட்ட வழக்கறிஞர் எந்த ஆலோசனை சொல்வார்? "சந்தேகமாக இருந்தால் எடுத்துவிடுங்கள்" என்றுதான் சொல்வார். பள்ளி தேவைக்கு மேல் அடக்கி வாசித்து, இரண்டு அம்மாக்கள் உள்ள குழந்தையின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டால், அந்த அம்மாக்கள் இதே பாதையில் போய் முறையிட வழியில்லை. பேசியதற்குப் புகார் கொடுக்கலாம், பேசாமல் விட்டதற்குக் கொடுக்க முடியாது. தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

சாய்ந்ததற்கு இரண்டு உதாரணம். மியாமி-டேட் மாவட்டக் கல்விக் குழு 2021இல் எல்ஜிபிடி வரலாற்று மாதத்தை அங்கீகரித்திருந்தது. 2022 செப்டம்பரில் அதே போன்ற தீர்மானம் மறுபடி வந்தபோது 8க்கு 1 என்று தோற்கடித்தது. எதிர்த்தவர்கள் புதிய சட்டத்தைக் காட்டினார்கள். அங்கீகாரத்தோடு, 12ஆம் வகுப்புக்கு இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைச் சொல்லித்தரும் யோசனை மட்டுமே அதில் இருந்தது. மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் பேச்சே இல்லை.

அடுத்தது ஏபி உளவியல். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கல்லூரி மதிப்பெண்ணுக்காக எடுக்கும் பாடம் அது. வளர்ச்சி உளவியல் அலகில் பாலினமும் பாலின ஈர்ப்பும் ஒரு பகுதியாக வரும். ஏப்ரல் விதி 12ஆம் வகுப்பு வரை நீண்டதும், அந்தப் பகுதியை நீக்காமல் நடத்த முடியாத நிலை வந்தது. பாடத்தை நடத்தும் காலேஜ் போர்டு எதையும் நீக்க மறுத்தது. புளோரிடா இந்தப் பாடத்தையே தடைசெய்துவிட்டது போலத்தான் என்று 2023 ஆகஸ்ட் 3 அன்று அறிவித்தது. மறுநாளே கல்வி ஆணையர் மேனி டியாஸ், வயதுக்கு ஏற்ற முறையில் முழுமையாக நடத்தலாம் என்று மாவட்டங்களுக்குக் கடிதம் எழுதினார். பள்ளி திறக்க ஒரு வாரமோ இரண்டு வாரமோ இருந்த நேரம். பல மாவட்டங்கள் அதற்குள் வேறு பாடத்துக்கு மாறியிருந்தன. ஒரு விதி, ஒரு மறுப்பு, ஒரு கடிதம். நடுவில் மாணவர்களின் கால அட்டவணைதான் சிதறியது.

இப்போது நல்ல செய்தி. ஈக்வாலிட்டி புளோரிடா, ஃபேமிலி ஈக்வாலிட்டி என்ற எல்ஜிபிடி உரிமை அமைப்புகளும் சில பெற்றோரும் மாணவர்களும் ஆசிரியர்களும் தொடுத்த வழக்கைக் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் இருந்தபோது, 2024 மார்ச் 11 அன்று மாநில அரசுடன் உடன்பாடு ஏற்பட்டது. சட்டம் அப்படியே நிற்கிறது. ஆனால் அதன் பொருள் என்ன என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டு, 67 மாவட்டங்களுக்கும் அனுப்பச் சம்மதித்தது. உங்கள் தோழி இந்த ஆவணத்தைத் தரவிறக்கிப் படிக்கட்டும், சில பக்கங்கள்தான்.

அதன்படி, மாணவர்கள் தங்கள் அடையாளத்தையோ குடும்பத்தையோ பற்றிப் பேசினால் ஆசிரியர் பதில் சொல்லலாம். ஒரு மாணவர் இதைக் கட்டுரைத் தலைப்பாக எடுத்தால் திருத்தி மதிப்பெண் போடலாம். கதையில் ஒரு தன்பால் இணையர் வந்து போனால் அது போதனை ஆகாது; வரலாற்றுப் புத்தகத்தில் எண்கள் வருவதால் அது கணிதப் பாடம் ஆகிவிடாது என்பது அரசுத் தரப்பே வைத்த வாதம். தன் இணையரோடு எடுத்த படத்தை ஆசிரியர் மேசையில் வைத்துக்கொள்ளலாம். எல்ஜிபிடி மாணவர்களுக்கு இது 'பாதுகாப்பான இடம்' என்று சொல்லும் ஸ்டிக்கரை உரிக்கத் தேவையில்லை. கேலி, வம்பு நடந்தால் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். எல்ஜிபிடி ஆதரவு மாணவர் மன்றங்கள் தொடரலாம். பலருக்குத் தெரியாத இன்னொன்று: தடை இரு பக்கமும் பொருந்தும். ஆண்-பெண் ஈர்ப்பே உயர்ந்தது என்று வகுப்பில் போதித்தாலும் அதே மீறல்தான்.

வகுப்பறையில் வைத்துப் பார்ப்போம். இரண்டாம் வகுப்பு, குடும்ப மரம் வரையும் பயிற்சி. தாளில் அம்மா ஒரு கட்டம், அப்பா ஒரு கட்டம் என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு பெண் குழந்தை, "எனக்கு ரெண்டு அம்மா, எங்கே எழுதறது?" என்று கேட்கிறாள். "இரண்டு கட்டத்திலும் அம்மா என்றே எழுது" என்று சொல்வது போதனை இல்லை. பக்கத்துப் பையன் "அது எப்படி?" என்றால், "அவள் வீட்டில் இரண்டு அம்மாக்கள், உன் வீட்டில் அம்மாவும் அப்பாவும்" என்பதோடு வேலையைத் தொடரலாம். அங்கேயே வகுப்பை நிறுத்தி, பாலின ஈர்ப்பு என்றால் என்ன என்று பலகையில் எழுதி விளக்க ஆரம்பித்தால் தடைக்குள் போய்விடுவார். அந்தத் தலைப்புக்காகவே வெளியாளை அழைத்துப் பேசவைப்பதும் அப்படியே; சட்டத்தில் 'வெளியார்' என்ற சொல் அதற்காகத்தான் இருக்கிறது. இன்னும் நல்லது, வெற்றுக் கட்டங்கள் உள்ள தாளை அச்சிடுவது. தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கும் அது உதவும்.

தவறு அதிகம் நடப்பது புத்தகங்களில். இரண்டு ஆண் பென்குயின்கள் சேர்ந்து குஞ்சு வளர்க்கும் படக்கதை ஒன்றை லேக் கவுண்டி மாவட்டம் 1557ஐக் காட்டிச் சிறு வகுப்புகளுக்குக் கட்டுப்படுத்தியது. வழக்கு வந்ததும் 2023இல் கட்டுப்பாட்டை நீக்கியது. காரணம், வகுப்பில் போதனைக்குப் பயன்படுத்தாத நூலகப் புத்தகத்துக்கு இந்தத் தடை பொருந்தாது. உடன்பாடும் இதை உறுதிசெய்கிறது. ஆனால் 2023இல் வந்த 1069 தனியாக ஒரு ஏற்பாடு செய்தது. ஒரு புத்தகம் பாலியல் செயலை விவரிக்கிறது என்று ஆட்சேபம் வந்தால் 5 பள்ளி நாட்களுக்குள் அதை எடுத்துவைத்து, முடிவு வரும்வரை வெளியே தரக் கூடாது என்று அது விதித்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, இரு அம்மாக்கள் கதையில் வருவதையே 'பாலியல்' என்று எடுத்து அலமாரியைக் காலி செய்வது பெரிய தவறு. எந்தப் பிரிவின் கீழ் ஆட்சேபம் என்று எழுத்தில் கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தெளிந்துவிடும்.

உடன்பாடு காப்பாற்றாத இடம் பிரதிப்பெயர்கள் ('அவன்', 'அவள்' போன்ற சொற்கள்). பிறப்பின் பாலினத்துக்குப் பொருந்தாத தன் பிரதிப்பெயரையோ ('மிஸ்டர்', 'மிஸ்' போன்ற) பட்டத்தையோ பள்ளி ஊழியர் மாணவரிடம் சொல்லக் கூடாது என்று 1069 விதிக்கிறது. இது திருநர் ஆசிரியர்களை நேரடியாகக் குத்துகிறது. இது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் இன்று பள்ளியில் சேர்பவர் இதை அமலில் உள்ள விதியாகவே எண்ணி நடக்க வேண்டும்.

இப்படி ஒரு சட்டம் என்ன செய்யும் என்பதற்கு பிரிட்டனில் நீண்ட அனுபவம் இருக்கிறது. 1988 மே 24 முதல் அமலில் இருந்த செக்ஷன் 28 என்ற சட்டப் பிரிவு, உள்ளாட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது என்றது. அதைப் 'போலிக் குடும்ப உறவு' என்றே அழைத்தது. அது கட்டுப்படுத்தியது உள்ளாட்சிகளை. ஆசிரியரின் வகுப்பறைப் பேச்சை நேரடியாக அல்ல. புறநிலையாக விவாதிப்பதைத் தடுக்காது என்று அரசுச் சுற்றறிக்கையே சொன்னது. அதன் கீழ் யாரும் தண்டிக்கப்படவும் இல்லை. இருந்தும் ஆசிரியர்கள் மௌனமானார்கள். கேலிக்கு ஆளான பிள்ளைக்கு ஆதரவாக ஒரு வார்த்தை பேசவும் தயங்கினார்கள். ஸ்காட்லாந்தில் 2000இலும், இங்கிலாந்திலும் வேல்சிலும் 2003 நவம்பரிலும்தான் நீக்கினார்கள். சுற்றறிக்கை வந்த பிறகும் மௌனம் கலையவில்லை என்பதால்தான், புளோரிடாவில் 2024 உடன்பாட்டை ஒவ்வொரு பள்ளியிலும் எடுத்துக்காட்டிப் பேச வேண்டும் என்கிறேன்.

உங்கள் தோழி செய்ய வேண்டியது: சேர்ந்த முதல் வாரமே முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்பட்டும். மாணவர் குடும்பத்தைப் பற்றிச் சொன்னால் எப்படிப் பதில் சொல்வது, வகுப்பறைப் புத்தக அலமாரிக்கு யார் ஒப்புதல், புகார் வந்தால் ஆசிரியருக்கு எப்போது தெரிவிப்பார்கள், இந்த மூன்றையும் கேட்டு, உடன்பாட்டின் நகலை இணைக்கட்டும். வாய்மொழி பதில் போதாது. "நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன்" என்று திரும்ப எழுதிவிட வேண்டும். வகுப்பில் ஏதாவது நடந்தால், குழந்தை கேட்டது என்ன, தான் சொன்னது என்ன என்று அன்றே தேதியோடு குறித்துவைக்க வேண்டும். பெயர்கள் வேண்டாம், முதலெழுத்து போதும். ஆசிரியர் சங்கத்தில் சேர்வது நல்லது.

வேறு மாநிலத்துக்கு மாறினால் இந்தக் கணக்கு முழுதும் மாறும். அலபாமாவில் 5ஆம் வகுப்பு வரை, அயோவாவில் 6 வரை, வட கரோலினாவில் 4 வரை, இண்டியானாவில் 3 வரை என்று எல்லை வேறு, வாசகமும் வேறு. புளோரிடா உடன்பாடு அங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. 2025 ஜூன் 27 அன்று மேரிலாந்தின் மாண்ட்கமரி கவுண்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தீர்ப்பளித்தது வேறு விஷயம். அங்கே தடைச் சட்டம் இல்லை. எல்ஜிபிடி பாத்திரங்கள் வரும் கதைப் புத்தகங்களை வகுப்பில் படிக்கும்போது, மத நம்பிக்கை காரணமாகப் பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு இடைக்கால உரிமை கிடைத்தது. அது நாடு முழுக்கப் பொருந்துவதால், தடையே இல்லாத மாநிலங்களிலும் எந்த நாளில் எந்தக் கதை என்று பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லும் வேலை இனி ஆசிரியரிடம் வரும்.