கான்ட்ராக்டை மறுபடி கையெழுத்திட ‘ரீ-சைன்’ என்று எழுதும்போது நடுவில் ஹைஃபன் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். கான்ட்ராக்ட் முடிகிறது, இன்னும் 2 வருடம் தொடரச் சம்மதம் என்று எச்ஆருக்கு எழுதப்போகிறீர்கள். ஹைஃபன் இல்லாமல் எழுதினால் அந்தச் சொல்லுக்கு ‘வேலையை விடுகிறேன்’ என்று பொருள். சிங்கப்பூரில் வேலையை விடுவதற்கான நோட்டீஸை எழுத்தில்தான் தர வேண்டும். அதனால் ஒரு கோடு விடுபட்ட மின்னஞ்சலையும் நோட்டீஸாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

பேச்சில் இந்தக் குழப்பம் வராது. வேலையை விடும் சொல்லில் எஸ் எழுத்துக்கு இசட்டின் ஒலி. முதல் அசை குறுகி ‘ரிஸைன்’ என்று வரும். மறுபடி கையெழுத்திடும் சொல்லில் ‘ரீ’ நீளும், ‘சைன்’ தனியே கேட்கும். எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட அந்தச் சிறு கோட்டை விட்டால் வேறொன்றும் இல்லை. எழுத்துப்பிழை திருத்தியும் உதவாது. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் அடிக்கோடு விழாது.

இரண்டுக்கும் வேர் ஒன்றே: அடையாளம் என்ற பொருள்கொண்ட ‘சிக்னம்’ என்னும் லத்தீன் சொல். ஆனால் ‘ரெசிக்னாரே’ என்ற லத்தீன் வினை முத்திரையை உடைப்பதையும் ரத்து செய்வதையும் குறித்தது. வேலையை விடுவதைக் குறிக்கும் ‘ரிஸைன்’ அதிலிருந்து வந்தது. ஹைஃபன் போட்ட சொல்லில் இருக்கும் ‘ரீ’ வெறும் ‘மறுபடி’தான். மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு: ‘ரிஸைன்ட் டு’ என்றால் வேறு வழியில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு ஏற்பது. ‘இன்னும் 2 வருடத்துக்கு ரிஸைன்ட்’ என்று எழுதினால், வேண்டாவெறுப்பாகத் தங்குகிறீர்கள் என்றாகிவிடும்.

பலர் கவனிக்காத இடம் வரியின் முடிவு. நீண்ட சொல்லைத் தானாக உடைக்கும் வசதி கோப்பில் இயங்கினால், ராஜினாமாச் சொல்லும் ‘ரீ’ என்ற இடத்தில் கோட்டோடு உடைந்து, ‘சைன்’ அடுத்த வரிக்குப் போகலாம். படிப்பவருக்கு அது எந்தச் சொல் என்றே தெரியாது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஹைஃபன் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உடையாத ஹைஃபன் விழும். சொல் முழுதாக ஒரே வரியில் நிற்கும். கான்ட்ராக்ட், கடிதம் போன்றவற்றில் இதைச் செய்துவிடுங்கள்.

இதே வகையில் அலுவலகத்தில் அதிகம் சறுக்கும் சொல் ‘ரீ-சென்ட்’. இன்வாய்ஸை மறுபடி அனுப்பினேன் என்று சொல்லப்போய் ஹைஃபனை விட்டால், ‘இன்வாய்ஸைக் கண்டாலே எரிச்சல்’ என்றும் படிக்கலாம். சோபாவுக்குப் புது உறை போடுவது ‘ரீ-கவர்’. ஹைஃபன் இல்லாதது நோயிலிருந்து தேறுவது.

நிரந்தரவாசிகள் வைத்திருக்கும் ‘ரீ-என்ட்ரி பெர்மிட்’டிலும், ஓய்வு வயதுக்குப் பின் வேலையில் வைத்துக்கொள்ளும் ‘ரீ-எம்ப்ளாய்மென்ட்’டிலும் இருக்கும் கோடு வேறு காரணத்துக்கானது. இரண்டு ‘இ’ எழுத்துகள் அடுத்தடுத்து வந்து கண்ணை உறுத்தாமலிருக்கப் போட்டது. அதை விட்டால் பொருள் மாறாது. ஆகவே ‘ரீ வந்தாலே ஹைஃபன்’ என்று விதி வைத்துக்கொள்ளாதீர்கள்; ‘ரீரைட்’, ‘ரீபில்ட்’ எல்லாம் ஒட்டியே வரும்.

இன்னொன்று, ‘சைன் ஆன்’. வினையாக வரும்போது இரண்டு தனிச்சொற்கள், ஹைஃபன் இல்லை. பெயருக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் ஹைஃபன் உண்டு: ‘சைன்-ஆன் போனஸ்’. இங்கே ‘அவன் சைன் ஆன் பண்ணிட்டான்’ என்றால் ராணுவத்தில் முழுநேரமாகச் சேர்ந்துவிட்டான் என்றே பலரும் புரிந்துகொள்வார்கள். கான்ட்ராக்ட் பேச்சில் அதையும் தவிர்ப்பது நல்லது.

உங்கள் மின்னஞ்சலுக்கு நான் எடுக்கும் சொல் ‘ரினியூ’. ‘ஐ வுட் லைக் டு ரினியூ மை கான்ட்ராக்ட் ஃபார் டூ இயர்ஸ்’ என்று எழுதுங்கள். ‘ரீ-சைன்’தான் வேண்டும் என்றால் பக்கத்திலேயே ‘த கான்ட்ராக்ட்’ என்று சேர்த்து, அனுப்புமுன் அந்தக் கோடு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.