ஜிஆர் குழுவின் விதிகள் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேம் பாய் கலர் கையடக்கக் கருவியில் வந்த கார்டு ஆட்டமான போக்கிமான் கார்டு ஜிபி 2, முதல் பாகத்தைவிட நல்ல விளையாட்டு என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இரண்டையும் முடித்தவன் என்ற முறையில் இதை ஏற்க முடியவில்லை. கார்டுகள் ஏறக்குறைய இருமடங்கு, தீவுகளும் இரண்டு. ஆனால் முதல் பாகத்தில் வைத்திருந்த ஹிட்மான்சான், எலக்டபஸ், சைதர் டெக்கையே (60 கார்டுக் கட்டையே) இதிலும் கட்டி முக்கால்வாசி எதிராளிகளைத் தட்டிவிட்டேன். கணினி அப்படியேதான் ஆடுகிறது. சுவாரசியம் வரும் இடத்தில் கதையின் வில்லன்களான ஜிஆர் குழுவினர் "இந்த விதிப்படிதான் ஆட வேண்டும்" என்று குறுக்கே நிற்கிறார்கள். நம் டெக்கை நாம் கட்டுவதுதானே இந்த விளையாட்டின் சுகம்? நாணயம் சுண்டுவதிலும் கணினி ஏமாற்றுகிறதோ என்று சந்தேகம்.

இன்னொன்று: பழைய ஜப்பானியக் கார்ட்ரிட்ஜ் ஒன்று கிடைத்தது. அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் சேமித்தது காணாமல் போகிறது. இதற்கு வழி உண்டா?

க.

*

அன்புள்ள க.,

உங்கள் குறைகளில் ஒன்றை முழுதாக ஒப்புக்கொள்கிறேன், ஒன்றைப் பாதி. மூன்றாவதான ஜிஆர் குழுவின் விதிகள் விஷயத்தில் நேர் எதிராகவே வாதிடப் போகிறேன். இரண்டாம் பாகம் மேல் என்று எழுதியதற்குக் காரணமே அந்த விதிகள்தான்.

முதலில் உங்கள் டெக். ஆங்கிலத்தில் ஹேமேக்கர் என்று பெயர் பெற்ற வகை அது. பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஹிட்மான்சான் 4, எலக்டபஸ் 4, சைதர் 4, ஃபைட்டிங் எனர்ஜி 8, லைட்னிங் எனர்ஜி 8 (தாக்குவதற்கான எரிபொருள் இவை), மிச்சம் 32-ம் டிரெய்னர் கார்டு, அதாவது கார்டு எடுக்கவும் எதிராளியைக் குலைக்கவும் உதவுபவை. அதில் புரொபசர் ஓக் 4, பில் 4, பிளஸ்பவர் 4, எனர்ஜி ரிமூவல் 4, சூப்பர் எனர்ஜி ரிமூவல் 3, கம்ப்யூட்டர் சர்ச் 3, ஐட்டம் ஃபைண்டர் 3, கஸ்ட் ஆஃப் விண்ட் 3, ஸ்விட்ச் 2, ஸ்கூப் அப் 2. மூன்று போக்கிமான்களுக்கும் 70 ஹெச்பி (உயிர்ப்புள்ளி), ஒன்றுகூடப் பரிணாமத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஹிட்மான்சான் ஒரே எனர்ஜியில் 20 அடிக்கும். பிளஸ்பவர் ஒன்று சேர்த்தால் 30. எதிரே நிற்கும் அடிப்படைப் போக்கிமான்கள் (பரிணாமமின்றி நேரடியாக இறக்கக்கூடியவை) பலவற்றுக்கு 40, 50 ஹெச்பிதான்.

இது கணினியை ஏன் இவ்வளவு சுலபமாக வீழ்த்துகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 60 கார்டில் 12 அடிப்படைப் போக்கிமான் உள்ள டெக்கில், முதல் 7 கார்டில் ஒன்றுகூட வராமல் மறுபடி எடுக்க வேண்டிய வாய்ப்பு 19 சதவீதம். அதைவிட முக்கியமானது, ஆட்டம் தொடங்கும்போது கையில் ஒரே ஒரு போக்கிமான் மட்டும் இருக்கும் வாய்ப்பு: 47 சதவீதம். பெஞ்ச், அதாவது மற்ற போக்கிமான்கள் காத்திருக்கும் இடம், காலியாக இருக்கும்போது அந்த ஒன்று விழுந்தால், பரிசுக் கார்டு (எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போதெல்லாம் எடுப்பது) எத்தனை மிச்சமிருந்தாலும் ஆட்டம் முடிந்தது. அடிப்படைப் போக்கிமான் 15 ஆனால் அந்த 47 என்பது 36 ஆகும். 8 ஆகக் குறைந்தால் 65 வரை ஏறும். பரிணாமத்தை நம்பும் டெக்குகள் இந்த இடத்தில்தான் உடைகின்றன. உங்கள் டெக் இரண்டாவது மூன்றாவது சுற்றில் அடித்து முடித்துவிடுகிறது. எதிராளியின் நிடோகிங்கும் பிளாஸ்டாய்ஸும் கையிலேயே தங்கிவிடுகின்றன. தப்பிப் பிழைத்தாலும் எனர்ஜி ரிமூவல் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு எனர்ஜிதான் இணைக்கலாம் என்ற விதி உள்ள ஆட்டத்தில், சுற்றுக்கு ஒன்றைக் கழற்றிப் போட்டால் எதிராளி நின்ற இடத்திலேயே நிற்பான்.

ஆக, முதல் பாகத்தின் ஓட்டை இதுதான். எட்டு கிளப்புகள், நான்கு கிராண்ட் மாஸ்டர்கள் என்று எவ்வளவு வகைவகையாக எதிராளிகளை வைத்தாலும் ஒரே சாவியால் எல்லாப் பூட்டும் திறந்தது. 226 கார்டுகளையும், இரு கருவிகளை அகச்சிவப்புக் கதிரால் இணைக்கும் கார்டு பாப் வழியாக மட்டும் கிடைக்கும் இரண்டையும் சேகரித்தவர்கள்கூட அவற்றில் முப்பது நாற்பதைத் தாண்டிப் பயன்படுத்த வேண்டிய தேவையே வரவில்லை.

இரண்டாம் பாகத்தைச் செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. இரண்டு வழியில் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்று கார்டுகள் வழியாக. டீம் ராக்கெட் தொகுப்பு உள்ளே வந்தது. அதில் டார்க் வைல்ப்ளூம் என்ற கார்டை எடுத்துப் பாருங்கள். 60 ஹெச்பிதான். ஆனால் அது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலே போதும், இரு பக்கமும் டிரெய்னர் கார்டு எதையும் ஆட முடியாது. உங்கள் டெக்கில் 32 கார்டு அந்த நொடியில் செத்துப்போகும். இதைக் கட்ட விரும்பினால் ஒரு தொடக்கம் தருகிறேன்: ஆடிஷ் 4, டார்க் க்ளூம் 2, டார்க் வைல்ப்ளூம் 3, சைதர் 4, சான்சி 3, கிராஸ் எனர்ஜி 18, டபுள் கலர்லெஸ் எனர்ஜி 4, போக்கிமான் பிரீடர் 4, ஓக் 4, பில் 4, கம்ப்யூட்டர் சர்ச் 3, போக்கிமான் டிரேடர் 3, கஸ்ட் ஆஃப் விண்ட் 2, ஸ்விட்ச் 2. மொத்தம் 60.

ஆடும் வரிசை முக்கியம். சான்சியையோ சைதரையோ முன்னால் நிறுத்தி ஆடிஷை பெஞ்சில் வையுங்கள். அடுத்த சுற்றில், ஆடிஷை நேரே வைல்ப்ளூமாக்கும் பிரீடரை ஆடுவதற்கு முன்பே கையிலுள்ள பில், ஓக் எல்லாவற்றையும் செலவழித்துவிட வேண்டும். ஓக் ஆடினால் கையிலுள்ள மற்ற எல்லாமே கழியும் என்பதால் பிரீடரும் வைல்ப்ளூமும் கையில் சேர்ந்துவிட்ட பிறகு ஓக்கைத் தொடாதீர்கள். வைல்ப்ளூம் இறங்கிய பின் உங்கள் டிரெய்னர்களும் பூட்டப்படுகின்றன. இந்த டெக்கைக் கட்டியவர்கள் வழக்கமாகச் சறுக்குவது இதில்தான்: நான்கு ஓக்கும் கையில் தூங்கும், வேண்டிய எனர்ஜி வராது. மேலே எனர்ஜி 22 வைத்தது அதற்காக. டார்க் வைல்ப்ளூம் முன்னால் வந்து தூக்கமோ குழப்பமோ முடக்கமோ அடைந்தால் அதன் சக்தி நின்றுவிடும், ஆகவே அதைப் பெஞ்சை விட்டு நகர்த்தாதீர்கள். மக் எதிரே வந்தால் அதன் விஷவாயு இந்தச் சக்தியையும் சேர்த்து அணைக்கும். முதலில் மக்கை வீழ்த்த வேண்டும்.

இங்கே உங்கள் முதல் குறையை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். கணினியின் கையில் இப்படியொரு கார்டைக் கொடுத்தாலும் அதை வைத்து அது திட்டம் போடாது. நடக்கிற சுற்றை மட்டும் பார்த்து ஆடும். அடுத்த அடியில் விழப்போகிற போக்கிமானுக்கே எனர்ஜியைக் கொண்டுபோய் இணைக்கும். 2001-ல் ஒரு கையடக்கக் கருவியில் இதைவிடப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது என்று சொல்வார்கள். இருந்தும் முதல் பாகத்திலிருந்து இரண்டாண்டுக்கு மேல் கிடைத்த நேரத்தில் இதைச் சற்றாவது கூர்மைப்படுத்தியிருக்கலாம். கேபிள் இணைத்து மனிதரோடு ஆடும்போதுதான் ராக்கெட் கார்டுகளின் முழு மதிப்பும் தெரியும்.

கணினியின் புத்தியை உயர்த்த முடியாதபோது தனியாக ஆடுபவருக்கு என்ன சவால் தருவது? ஆட்டத்தின் தரையையே சாய்ப்பதுதான் வழி. ஜிஆர் குழு செய்வது அதைத்தான். சிலர் தங்கள் கோட்டையில் சிறப்பு விதி ஒன்றை நடைமுறையில் வைத்திருப்பார்கள். சிலர் டெக் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டிருந்தால்தான் ஆடவே சம்மதிப்பார்கள். எதிர்ப்பைக் குறைக்கும் விதி ஒன்று உண்டு. ஃபைட்டிங் தாக்குதலில் 30 கழித்துக்கொள்ளும் சைதரின் சலுகை அங்கே சுருங்குகிறது. பின்வாங்குவதைக் கடினமாக்கும் விதி ஒன்று உண்டு; செலவில்லாமல் பின்வாங்குவதுதான் சைதரை எல்லா டெக்கிலும் திணிக்கவைத்த காரணம். இரண்டு விதியும் ஒரே கார்டின் மேல் போய் விழுவதைக் கவனியுங்கள். முதல் பாகத்தை ஆடியவர்கள் எதைச் சார்ந்திருந்தார்கள் என்று அறிந்து வைத்த விதிகளாகவே இவை எனக்குப் படுகின்றன.

நம் டெக்கை நாம் கட்டுவதுதான் சுகம் என்கிறீர்கள். முழுக்கச் சரி. ஆனால் முதல் பாகத்தில் டெக் கட்டும் வேலை பாதி ஆட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதன்பின் கட்டியதை ஓட்டுவது மட்டும்தான். இரண்டாம் பாகத்தில் கடைசிவரை கட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நிபந்தனை வந்த பிறகுதான் பலர் தங்கள் பெட்டியில் கிடக்கும் பாராசெக்டையும் டியூகாங்கையும் முதன்முதலாகப் படித்துப் பார்க்கிறார்கள்.

உங்களுக்கு எரிச்சல் வந்தது விதியால் என்பதைவிட டெக்கைப் பிரித்து மாற்றிக் கட்டும் சள்ளையால் என்று நினைக்கிறேன். ஒரு டெக்கில் போட்ட கார்டு இன்னொரு டெக்குக்குக் கிடைக்காது. ஓக் நான்கும் ஹேமேக்கரில் பூட்டியிருந்தால் புது டெக் எப்போதும் சோனியாகத்தான் இருக்கும். டெக் சேமிக்கும் இயந்திரத்தில் ஹேமேக்கரின் பட்டியலைப் பதிந்துவிட்டு டெக்கைப் பிரித்துவிடுங்கள். வேண்டும்போது இயந்திரமே மறுபடி கட்டித் தரும். ஓக், பில், கம்ப்யூட்டர் சர்ச் மூன்றும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். நிபந்தனை டெக் ஒவ்வொன்றுக்கும் இவை முதுகெலும்பு. அளவு மீறவும் கூடாது. 60-ல் கைக்கு 7, பரிசுக்கு 6 போனால் டெக்கில் 47. நான்கு ஓக்கும் (தலா 7 கார்டு) நான்கு பில்லும் (தலா 2) ஆடினால் 36 போய்விடும். மீதி 11 சுற்றுதான். ஐட்டம் ஃபைண்டரால் ஓக்கை ஒருமுறை திரும்ப எடுத்தால் அதுவும் நான்காகிவிடும். எடுக்கக் கார்டு இல்லாதவன் தோற்பான். நீண்ட ஆட்டத்தை வரவழைக்கும் விதிகளின் கீழ் ஹேமேக்கர் தோற்பது பலமுறை இப்படித்தான்.

நாணயம் பற்றிய சந்தேகத்தில் பாதி நியாயம் உண்டு. ஏமாற்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. 20 முறை சுண்டும் ஒரு ஆட்டத்தில் எங்காவது தொடர்ந்து நான்கு முறை பூ விழும் வாய்ப்பு ஏறக்குறைய 48 சதவீதம். அதாவது இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை உங்களுக்கு அநியாயம் நடந்ததாகத் தோன்றுவது இயல்பு. நியாயமான பாதி என்னவென்றால், புதிதாகச் சேர்ந்த கார்டுகளில் நாணயத்தை நம்பியவை நிறைய. நாணயம் வேண்டாத தாக்குதல்களை முதுகெலும்பாக வைத்து டெக் கட்டுங்கள், எரிச்சல் பெரும்பாலும் போய்விடும்.

நீங்கள் சொல்லாத ஒரு குறையை நான் சேர்க்கிறேன். 2001 மார்ச் 28 அன்று இது ஜப்பானில் வந்தபோது அங்கே கார்டு ஆட்டம் புதிய தலைமுறைப் போக்கிமான்களின் நியோ தொகுப்புகளுக்குப் போய் ஓராண்டு கடந்திருந்தது. இதில் நியோ கார்டு ஒன்றும் கிடையாது. கடைக்கு வரும்போதே பழையதாக இருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் கேம் பாய் அட்வான்ஸும் வெளியாகியிருந்தது. ஜப்பானுக்கு வெளியே இது வரவேயில்லை. 2012-ல் ரசிகர்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்புதான் மற்றவர்களுக்குக் கதவைத் திறந்தது.

கடைசியாகக் கார்ட்ரிட்ஜ். சேமிப்பைக் காப்பது உள்ளே இருக்கும் 3 வோல்ட் நாணய பேட்டரி. இத்தனை ஆண்டில் அது தீர்ந்திருக்கும். பின்புறத் திருகுக்கு 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் திருப்புளி வேண்டும். திறந்து, பழைய பேட்டரியின் மேல் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் தகடுகள் பற்றவைத்தே விற்கும் பேட்டரியாக வாங்குங்கள். வெறும் பேட்டரியின் மேல் நேரடியாக ஈயம் வைத்தால் சூட்டில் அது கசியும், வெடிக்கவும் கூடும். பலகையில் கூட்டல் குறி எந்தப் பக்கம் என்று பார்த்து இணையுங்கள். மாற்றி இணைத்தால் சேமிப்பு நிற்காது. இணைப்பு முனைகளை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். புது பேட்டரியோடு முதல்முறை போடும்போது உடைந்த சேமிப்பு ஏதாவது தெரிந்தால் புது ஆட்டம் தொடங்குங்கள். ஆட்டக் கோப்பை ஏற்றி ஆடும் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜில் ஆட நினைத்தால், வாங்கும் முன் அது கார்ட்ரிட்ஜின் நினைவகத்தைக் கையாளும் ஹட்சன் நிறுவனத்தின் ஹக்-1 சிப்பை ஆதரிக்கிறதா என்று பாருங்கள். ஆதரிக்காதவற்றில் ஆட்டமோ சேமிப்போ ஏமாற்றலாம்.

அன்புடன்,
ஆசிரியர்