பழைய ஸ்போர்ட்ஸ் கார்: அசலா, பட்டறை வேலையா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே மாதிரிதான்: "ஒரு கார் பார்த்து வைத்திருக்கிறேன், அட்வான்ஸ் கொடுக்கலாமா?" காரைப் பார்க்காமல் அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. எங்கே பார்க்க வேண்டும் என்று வேண்டுமானால் சொல்லலாம். கோயம்புத்தூரில் லேத்தும் ஃபவுண்டரியும் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். இந்தக் கார்கள் பிறந்த இங்கிலாந்திலேயே கிடைக்காத பாகத்தையும் மாதிரி ஒன்று கொடுத்தால் வார்த்துக் கடைந்து கையில் தந்துவிடுவார்கள். பழைய காரை ஓட வைக்க நினைப்பவனுக்கு இது வரம். வாங்கப் போகிறவனுக்கு இதுதான் கண்டம்.

"ஜாகுவார் எக்ஸ்கே 120 ஒன்று விலைக்கு வருகிறது. ஆரம்பகால அலுமினிய பாடி என்கிறார்கள். பானெட்டில் காந்தம் ஒட்டவில்லைங்க. நம்பலாமா?" (பொள்ளாச்சி)

பானெட்டில் ஒட்டவே ஒட்டாதுங்க. 1948-இல் வந்த இந்தக் காரில் முதல் 240 சொச்சம் வண்டிகளுக்குத்தான் முழு அலுமினிய பாடி. 1950-இல் இரும்புத் தகட்டுக்கு மாறினார்கள். ஆனால் அதற்குப் பிறகும் கதவு, பானெட், டிக்கி மூடி மூன்றையும் அலுமினியத்திலேயே வைத்திருந்தார்கள். அதனால் காந்தத்தை மட்கார்டில் வைத்துப் பாருங்கள்.

அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. இரும்பு மட்கார்டின் மேல் கனமாகப் பட்டி பூசியிருந்தாலும் காந்தம் நழுவி விழும். டயர் பக்கம் கையை விட்டு, மட்கார்டின் உள்பக்கம் காந்தத்தை வையுங்கள். உள்ளே பட்டி போட யாரும் மெனக்கெட மாட்டார்கள். கீழ் விளிம்பில் செந்துரு தெரிந்தால் பேச்சே வேண்டாம், அது இரும்புதான். சேசிஸ் எண்ணையும் பாருங்கள்: வலதுபக்க ஸ்டியரிங் வண்டிகள் 660001-இல் தொடங்குகின்றன. 660900 என்று இருக்கிற காரை அலுமினியம் என்று விற்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

"டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று ஒரு சிவப்பு வண்டி. விலை குறைவாகச் சொல்வதுதான் பயமாக இருக்கிறது." (திருப்பூர்)

உங்கள் பயம் நியாயமானது. 1962-இல் ஸ்பிட்ஃபயர் வந்தபோதே, அதே டிரையம்ஃப் கம்பெனியின் ஹெரால்டு காருடைய சேசிஸைக் குட்டையாக்கித்தான் செய்தார்கள். அதே ஹெரால்டை மெட்ராஸில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் செய்துகொண்டிருந்தது. தேடினால் நம் பக்கம் ஏதாவது தோட்டத்துச் சாளையில் கோழி அடையும் ஹெரால்டு ஒன்று இன்னும் அகப்படும். அதை வாங்கி, மேலே ஃபைபர் பாடி போட்டுவிட்டால், தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது ஸ்பிட்ஃபயர்.

அளவு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை ஸ்பிட்ஃபயரில் 83 அங்குலம், ஹெரால்டில் 91½. எட்டரை அங்குலம், அதாவது கிட்டத்தட்ட ஒரு சாண் வித்தியாசம். சரி, 83 வந்துவிட்டது என்று உடனே அட்வான்ஸை நீட்டாதீர்கள். அந்த ஒரு சாணை வெட்டி எடுத்து வெல்டு வைக்கத் தெரிந்த ஆளும் நம் ஊரில் உண்டு. வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, நடுவில் ஓடும் சேசிஸை முன்னிருந்து பின்னாக விரலால் தடவிக்கொண்டே போங்கள். கிரைண்டர் போட்டு வழித்து, மேலே கறுப்பாகக் கோட்டிங் அடித்திருந்தாலும், குறுக்கே வெட்டி ஒட்டிய இடத்தில் விரலுக்கு மேடு தட்டும். அப்புறம் கதவுக்குக் கீழே பாருங்கள். ஹெரால்டில் சேசிஸின் இரு பக்கமும் நீளச் சட்டம் ஓடும், கதவடியில் இருப்பது வெறும் மூடி. ஸ்பிட்ஃபயரில் அந்தச் சட்டமே கிடையாது, கதவடிப் பெட்டிதான் பாரம் தாங்குகிறது. பக்கச் சட்டம் கண்ணில் பட்டால் அது ஹெரால்டு.

மார்க் 1, மார்க் 2 என்ற முதல் இரண்டு வகை ஸ்பிட்ஃபயர்களின் இன்ஜின் எண் எஃப்.சி. என்று தொடங்கும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் எஃப்.சி.க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு புரோக்கர் அப்படியும் என்னிடம் விளக்கிப் பார்த்தார்.

"எம்.ஜி. டி.சி., சேசிஸ் எண் 0087. இவ்வளவு சின்ன எண் என்றால் மதிப்பு அதிகம்தானே?" (கோபி)

இல்லை. டி.சி. வரிசையே 0251-இல்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் எம்.ஜி. கார்களைச் செய்த ஆபிங்டன் தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251. அதையே முதல் எண்ணாக வைத்துக்கொண்டார்கள்.

"கம்பெனி ஆவணத்திலிருந்து எடுத்த ஹெரிட்டேஜ் சான்றிதழ் இருக்கிறது. சேசிஸ், இன்ஜின், நிறம் எல்லாம் ஒத்துப்போகிறது. இதற்கு மேலும் என்ன பார்ப்பது?" (ஈரோடு)

அந்தக் காகிதம் அந்த எண்ணுக்குக் கொடுத்தது, உங்கள் முன்னால் நிற்கும் காருக்கு அல்ல. இன்ன எண்ணுள்ள கார் இன்ன நிறத்தில் இன்ன தேதியில் வெளியே போனது என்பது வரைக்கும்தான் அது பேசும். சான்றிதழை முதலில் வாங்கி, அதைப் பார்த்து எண் அடிப்பதும் நடக்கிறது.

நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு நண்பருக்காக நான் பார்த்துச் சொன்ன கார், எண்ணைச் சுற்றி அழகான துரு. அந்தத் துருவைப் பார்த்தே நம்பிவிட்டேன். உப்புத் தண்ணீர் தெளித்து வரவழைத்த துரு என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதிலிருந்து டார்ச்சை நேராக அடிப்பதில்லை, பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கிறேன். எண் இருக்கும் இடம் சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் பள்ளமாக, எமரி கோடுகளோடு தெரிந்தால், பழைய எண்ணை வழித்திருக்கிறார்கள். அசலாகப் பஞ்ச் அடித்த எண்ணை வழித்தாலும் அடியில் இரும்பு நசுங்கியே இருக்கும். தடயவியல் ஆய்வகத்தில் அமிலம் தடவி அதை வெளியே கொண்டுவருவார்கள். அந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

"பந்தய வீரர் கரிவரதன் காலத்து, மாருதி இன்ஜின் வைத்த ஃபார்முலா மாருதி என்று ஒரு ரேஸ் கார். இதற்கு எந்த ஆவணத்தைத் தேடுவது?" (கோவை)

இங்கே கணக்கே வேறு. ரேஸ் கார் இடிபடும், வளையும், அடுத்த பந்தயத்துக்குள் இன்ஜினை மாற்றுவார்கள். எல்லாம் அசல், எண்ணெல்லாம் பொருந்துகிறது என்று ஒருவர் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் கூடும். இதற்குப் புகைப்படம்தான் சாட்சி. சென்னை பக்கம் சோழவரத்தில் நடந்த கார் பந்தயங்களில் எடுத்த பழைய படங்களைத் தேடுங்கள். ரோல்பாரின் வளைவு, குழாய்கள் சேரும் மூலை, ரிவெட் வரிசை இவற்றைப் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அப்போது வேலை பார்த்த மெக்கானிக்குகள் சிலர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். தான் வைத்த வெல்டை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

"எம்.ஜி.ஏ. இருக்கிறது. பழங்கால வண்டிகளுக்குத் தரும் வி.ஏ. வரிசைப் பதிவு எண் வாங்கலாமா?" (உடுமலை)

2021 விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிக்கு வாங்கலாம். புதுப் பதிவுக்கு ரூ.20,000, பத்து ஆண்டு செல்லும். தினசரி ஓட்டத்துக்கு அது கிடையாது. வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது.

அதனால் முதலில் பானெட்டைத் திறங்கள். எம்.ஜி.ஏ.யின் ஆரம்ப இன்ஜினும் நம் அம்பாசடர் பெட்ரோல் இன்ஜினும் உடன்பிறப்புகள், இரண்டுமே 1489 சிசி. இரட்டை கார்புரேட்டர் மாட்டிவிட்டால் அம்பாசடர் இன்ஜின் அங்கே அம்சமாக உட்கார்ந்துகொள்ளும். ஆரம்பகால எம்.ஜி.ஏ. என்றால் இன்ஜின் எண்ணின் முன்பகுதியில் 15 ஜி என்று வரும். துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு, தகட்டைத் துடைத்துப் படித்துவிட்டு எழுதுங்கள்.