உணவுச் சந்தையில் சேர்ந்த 12,000 ரிங்கிட்டை யாரிடம் கொடுப்பது?

செந்தூல் வாசகி ஒருவர் கேட்கிறார்: "அக்கா வீட்டுக்காரருக்கு ரத்தப் புற்றுநோய். அம்பாங் மருத்துவமனையில் சிகிச்சை நடக்கிறது. கோயில் மண்டபத்தில் உணவுச் சந்தை போட்டு 12,000 ரிங்கிட் சேர்த்திருக்கிறோம். அங்கே நடக்கும் புது மருந்து ஆய்வுக்கு இதைக் கொடுக்கலாமா? கொடுத்தால் மாமாவுக்கு ஆய்வில் இடம் கிடைக்குமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. நோயின் வகை, மரபணு மாற்றம், ஏற்கெனவே எடுத்த சிகிச்சை, சிறுநீரகமும் கல்லீரலும் இருக்கும் நிலை என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதிவைத்த நிபந்தனைகள்தான் ஒருவரை உள்ளே விடும். அப்படியே சேர்ந்தாலும், பல ஆய்வுகளில் யாருக்குப் புது மருந்து, யாருக்கு வழக்கமான மருந்து என்பதைக் கணினி குலுக்கிப் போட்டு முடிவு செய்யும். மாமாவுக்கு ஏற்ற ஆய்வு உண்டா என்று அவருடைய ரத்தவியல் மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள். பணம் கட்டினால் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால், பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். மருந்து நிறுவனம் நடத்தும் ஆய்வுக்கு உங்கள் பணம் வேண்டாம். மருந்து, பரிசோதனை, காப்புறுதி எல்லாம் அவர்கள் தலையில். கைக்காசு தேவைப்படுவது மருத்துவர்களே முன்னெடுக்கும் ஆய்வுகளுக்கு. பழைய மருந்தில் லாபம் இல்லை, அதனால் நிறுவனங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் சித்த வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அந்த ஆர்சனிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.பி.எல். எனும் ரத்தப் புற்றுநோய்க்கு, கீமோதெரபிக்குப் பதிலாக ஆர்சனிக்கையும் வைட்டமின் ஏ வகை மருந்து ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த இத்தாலிய-ஜெர்மானிய ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. இரண்டு ஆண்டு முடிவில், நோய் திரும்பாமலும் வேறு பின்னடைவு இல்லாமலும் உயிரோடு இருந்தவர்கள் ஆர்சனிக் பிரிவில் 97 விழுக்காடு, கீமோ பிரிவில் 86. அந்த ஆய்வுக்கு நிதி கொடுத்தவர்களில் இத்தாலியின் ரத்தப் புற்றுநோய் அறநிதிச் சங்கமும் ஒன்று.

12,000 ரிங்கிட்டில் அப்படியொரு ஆய்வை நடத்த முடியாதுதான். ஆனால் ஆய்வு பெரும்பாலும் தடுக்கி விழுவது மருந்தில் அல்ல, ஆளில். ரத்த மாதிரி எடுக்க, தேதி நினைவூட்ட, பக்கவிளைவைக் குறித்துவைக்க ஒரு ஆய்வுத் தாதி வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 2003இல் தொடங்கிய 'கியூர் லுகேமியா' அறக்கட்டளை இந்தத் தாதிகளுக்குத்தான் சம்பளம் கொடுக்கிறது. எனக்குப் பிடித்த யோசனை அது. உங்கள் தொகைக்கு இன்னும் பொருத்தமானது ஒன்று உண்டு: நோயாளியின் பேருந்துக் கட்டணம், தங்கும் செலவு. அம்பாங் ரத்தவியலுக்கான தேசிய மையம். வெளிமாநிலங்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அடிக்கடி வர முடியாமலேயே ஆய்வைப் பாதியில் விடுபவர்கள் உண்டு. தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் வேலை போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கொடுக்கும் வழி? மருத்துவரின் சொந்தக் கணக்கில் போடவே போடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். மருத்துவமனை இயக்குநர் அலுவலகத்திலோ அங்குள்ள மருத்துவ ஆய்வு மையத்திலோ பேசி, எந்தச் செலவுக்கு என்று கடிதத்தில் எழுதிக்கொடுத்து, அதிகாரப்பூர்வ ரசீது வாங்குங்கள். ஆய்வுக்கே என்றால், தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டு எண்ணும் சுகாதார அமைச்சின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். அப்புறம், உங்கள் குழுவில் யாராவது சொந்தப் பணமும் போட நினைத்தால், வரிக்கழிவுக்கு வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் ரசீதுதானா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

மாமாவின் பெயரைக் கடிதத்தில் எழுதாதீர்கள்.