மீன் நீரூற்றும் மாமாவும்

கேள்வி: ழாக் தாத்தி இயக்கிய ‘என் மாமா’ என்ற பிரெஞ்சுப் படத்தில் வசனமும் குறைவு, கதையும் குறைவு. பிறகு எதைப் பார்த்துச் சிரிப்பது?

பதில்: வீட்டைப் பார்த்துத்தான். 1958-இல் வெளிவந்த இப்படத்தில், பிளாஸ்டிக் தொழிற்சாலை அதிகாரியான ஆர்ப்பெலின் நவீன மாளிகையில் வாசல் மணி ஒலித்தவுடன், தோட்டத்து உலோக மீனின் வாயிலிருந்து நீர் பீய்ச்சும்படி அவருடைய மனைவி விசையை முடுக்குகிறார். வந்திருப்பவர் விருந்தாளி அல்லர், தம் சகோதரர் யூலோதான் என்று தெரிந்ததும் நீரை நிறுத்திவிடுகிறார். (தலைப்பில் வரும் மாமா இவர்தான்; ஆர்ப்பெல் தம்பதியின் மகனுக்குத் தாயுடன் பிறந்தவர் என்பதால், நம்முடைய ‘மாமா’ என்னும் சொல் பிரெஞ்சு மூலத்தைவிடத் துல்லியமாகவே பொருந்துகிறது.) இரவில், இரண்டு வட்டச் சன்னல்களில் தம்பதியின் தலைகள் அசையும்போது, அந்த வீடே கண்களை உருட்டி விழிப்பதுபோல் தோன்றும். தானியங்கிக் கதவு கொண்ட கார் கொட்டகைக்குள், கதவை இயக்கும் உணர்கருவிக்குக் குறுக்கே தங்கள் நாய் நடந்ததால் அவ்விருவரும் அடைபட்டுப்போகும் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் சிரித்துவிடுகிறேன். தோட்ட விருந்துக் காட்சி மட்டும் சற்று நீளம். சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற இப்படத்துக்காக நீஸ் நகரப் படப்பிடிப்பு வளாகத்தில் கட்டப்பட்ட அம்மாளிகை, வேலை முடிந்ததும் இடிக்கப்பட்டது.