ஜோ ஹீனி: துணையில்லாத குரல்

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியதைப் படித்து ஐரிஷ் பாடகர் ஜோ ஹீனியைக் கேட்டேன். வாத்தியமே இல்லை, மொழியும் புரியவில்லை. எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது. அவர் நியூயார்க்கில் வாயில்காவலராக வேலை பார்த்தாராமே? உண்மையா? எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது?

ர.

அன்புள்ள ர.,

உண்மைதான். சென்ட்ரல் பார்க்கின் மேற்குப் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் பல ஆண்டுகள் வாசலில் நின்றார். 1942இலேயே அயர்லாந்தின் தேசிய விழாவில் முதல் பரிசு வாங்கியவர், 1965இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவில் பாடியவர். பாட்டு அவருக்குச் சோறு போடவில்லை. கடைசிக் காலத்தில்தான் பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டன. 1982இல் அமெரிக்க அரசு மரபுக்கலை விருது கொடுத்தது. 1984இல் சியாட்டிலில் இறந்துபோனார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சரி, பாட்டுக்கு வருவோம். அவர் 1919இல் பிறந்த, அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கானமாராவின் கார்னா பகுதியில், வாத்தியமில்லாமல் பாடும் இந்த முறைக்கு 'ஷான் நோஸ்' என்று பெயர், பழைய வழி என்று பொருள். அங்கே ஐரிஷில் பாட்டைப் 'பாடு' என்பதைவிட 'சொல்லு' என்றே பெரும்பாலும் கேட்பார்கள். அதனால் தாளம் சொல்லுக்குப் பின்னால் நடக்கிறது. ஒரு சரணத்தில் நேராகப் போன இடம் அடுத்த சரணத்தில் லேசாகச் சுழன்று வரும். ஒரே ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு சரணத்துக்குச் சரணம் அது என்னவாகிறது என்று கவனியுங்கள்.

இன்னொன்று. அங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கதை உண்டு. யார், எதற்காகக் கட்டினார்கள் என்ற கதை. இசைத்தட்டுகளில் பெரும்பாலும் பாட்டுதான் இருக்கும், கதை இருக்காது. ஆகவே 1964இல் நாட்டுப்புறப் பாடகர்களான இவான் மெக்காலும் பெகி சீகரும் தங்கள் வீட்டில் அவரைப் பேசவைத்துப் பதிந்த ஒலிநாடாக்களிலிருந்து ஆரம்பியுங்கள். 2000இல் 'தி ரோட் ஃப்ரம் கானமாரா' என்ற பெயரில் அவை வெளிவந்தன. ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டே பாட்டுக்குள் போய்விடுவார்.

அப்புறம், 'மூன்று மரியாள்களின் புலம்பல்' என்ற பாட்டு. சிலுவையில் அறையப்பட்ட இயேசுவுக்கான ஒப்பாரி அது. "பேதுருவே, என் அன்பு மகனைப் பார்த்தாயா?" என்று இயேசுவின் தாய் மரியாள் கேட்கிறாள். வரிக்கு வரி 'ஓக்கோன்' என்ற ஓலம் திரும்ப வரும். அது நம் ஒப்பாரியின் 'ஐயோ'வேதான், மொழி தெரியவேண்டியதில்லை. ஹீனி அழுவதில்லை, குரலை உயர்த்துவதுமில்லை. அந்த நிதானம்தான் என்னை உலுக்கியது.

இரவில், விளக்கை அணைத்துவிட்டு, அதை மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.