பழைய கேமரா, ட்ரைபாட் வெச்சு செஞ்ச விளக்கு வாங்கலாமா? வாங்கறப்ப எதையெல்லாம் பாக்கணும்?

தாராளமா வாங்கலாம். ஆனா காசை ஸ்டாண்டுக்கு கொடுங்க, அதுக்கு மேல உக்காந்திருக்கற கேமராவுக்கு கொடுக்காதீங்க. ஏன் இப்டி சொல்றேன்னு கொஞ்சம் விவரமா எழுதறேன்.

எங்க அப்பா கும்பகோணம் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல முப்பது வருஷத்துக்கு மேல ஸ்டூடியோ வெச்சிருந்தாரு. டிஜிட்டல் வந்துச்சு, அப்பறம் எல்லார் கையிலயும் போன் வந்துச்சு, 2011ல கடையை மூடிட்டோம். நாலு வருஷம் முன்னாடி வீட்டு ஹாலுக்கு ஆன்லைன்ல ஒரு விளக்கு வாங்கினேன், 7,800 ரூபாய். மூணு கால் ஸ்டாண்டு, அதுக்கு மேல ரெட்டை லென்ஸ் யாஷிகா டி கேமரா, அதுக்கும் மேல கருப்பு ஷேடு. அப்பாவுக்கு பிடிக்கும்னு நெனச்சுதான் வாங்கினேன்.

அட்டைப்பெட்டியை பிரிச்சு வெச்சதும் அப்பா ஒண்ணும் பேசல. கேமரா முன்னாடி உக்காந்து லென்ஸ் ஓரத்துல இருக்கற குட்டி லீவரை தள்ளிட்டு பட்டனை அமுக்கினாரு, டிக்குன்னு சத்தம். ஸ்பீடை ஒரு செகண்டுக்கு மாத்தி திரும்ப அமுக்கினாரு, சர்ர்ருனு ஓடி நின்னுச்சு. ஷட்டர் அப்டியே உயிரோட இருக்கு. ஆனா உள்ள பைப் விடணும்னு அடியிலேர்ந்து உச்சி வரைக்கும் டிரில் போட்டிருக்காங்க, கண்ணாடி நொறுங்கி, பிலிம் ஓடற இடம் பூரா கிழிஞ்சு கெடக்கு. "ஓடிக்கிட்டு இருந்த வண்டிடா இது"ன்னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சு போயிட்டாரு. அன்னிக்கு ராத்திரி எனக்கு சரியா தூக்கம் வரல.

அந்த கேமராவுல 120ங்கற அகலமான பிலிம் ரோல் ஒண்ணு போட்டா 12 படம், சதுர சதுரமா எடுக்கலாம். 120 பிலிம் இன்னிக்கும் கெடைக்குது, காலேஜ் பசங்க தேடி தேடி வாங்கி எடுக்கறாங்க. அதனால கேமரா வெச்ச விளக்கு வாங்கறதா இருந்தா முதல்ல விக்கறவங்ககிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க. ஷட்டர் வேலை செய்யுதா, உடம்புல எங்கயாவது ஓட்டை போட்டீங்களா. நல்லா வேலை செஞ்ச கேமராவை ஓட்டை போட்டிருந்தா தயவுசெஞ்சு வாங்காதீங்க, நம்ம வாங்க வாங்கத்தான் அவங்க இன்னொண்ணை ஓட்டை போடுவாங்க. செத்துப்போன கேமரா நம்ம பக்கம் நெறையவே இருக்கு. டெல்டா ஈரத்துல லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி வெள்ளையா பூஞ்சை படர்ந்துடும், ரொம்ப நாள் விட்டா கண்ணாடியையே அரிச்சிடும். அந்த மாதிரி கேமராவை விளக்குல வெச்சா யாருக்கும் நஷ்டம் இல்ல. பரோடாவுல தயாரான ஆக்ஃபா கிளிக் 3 ஒரு காலத்துல வீட்டுக்கு வீடு இருந்துச்சு, அதுல உடைஞ்சது கெடைச்சாலும் அழகுக்கு போதும்.

இப்ப கரண்ட் விஷயம், இதை யாரும் கேக்கறதே இல்ல. அதே விளக்குல ஐப்பசி அடைமழை சமயம், செருப்பு இல்லாம சிமெண்ட் தரையில நின்னுக்கிட்டு ஸ்டாண்டை நகத்தினேன், கையில சுருக்குனு இழுத்துச்சு. ஸ்டாண்டுல டெஸ்டர் வெச்சு பாத்தா டெஸ்டர் லைட் எரியுது. பிரிச்சு பாத்தா ரெண்டு கோர் ஒயர், எர்த்தே கெடையாது, ஒயர் உள்ள நுழையற ஓட்டையில ஒரு ரப்பர் வாஷர் கூட போடாம விட்டிருக்காங்க, இரும்போட விளிம்பு ஒயர் தோலை சீவி வெச்சிருக்கு. 230 வோல்ட்டுங்க. வீட்டுல குழந்தை இருக்கு, அப்பாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. மெயின் போர்டுல, கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற டிரிப்பர் இல்லாத வீட்டுல இது என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே இப்பவும் பக்குனு இருக்கு.

அதனால உலோக உடம்பு உள்ள விளக்குன்னா த்ரீ பின் பிளக், மூணு கோர் ஒயர், அந்த பச்சை ஒயர் உடம்புல ஸ்க்ரூ போட்டு இறுக்கி இருக்கணும். வாங்கின விளக்குல இது இல்லேன்னா எலக்ட்ரீஷியனை கூப்ட்டு முதல் வேலையா மாத்திடுங்க, ஐஎஸ்ஐ ஒயரும் நல்ல ஹோல்டரும் சேத்தாலும் பெரிய செலவு ஆகாது. ஹோல்டரையும் பாருங்க, வெளிநாட்டு விளக்கு நெறைய ஸ்க்ரூ ஹோல்டர், நம்ம வீட்டுல இருக்கறது பின் பல்பு. பல்பு எல்இடி மட்டும் போடுங்க, பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு போட்டா அது திங்கற கரண்ட்ல பெரும்பகுதி சூடாத்தான் வரும், கேமரா மேல ஒட்டியிருக்கற தோலு பசை விட்டு உரிஞ்சு வந்துடும். மஞ்சள் வெளிச்சம் வேணும்னா 2700 கெல்வின்னு போட்ருக்கறதை கேட்டு வாங்குங்க. பழைய சினிமா ஷூட்டிங் லைட்டை விளக்கா மாத்தி விக்கறாங்க, அதுல பழைய ஒயரை அப்டியே விட்டிருந்தா தொடாதீங்க, சூடு தாங்கறதுக்காக அந்த காலத்துல ஆஸ்பெஸ்டாஸ் சுத்தின ஒயர் போட்டிருப்பாங்க, அந்த தூசி நுரையீரலுக்கு கேடு.

சரி, ஸ்டாண்டுக்கு வருவோம், எனக்கு பிடிச்ச விஷயமே இதுதான். மர ஸ்டாண்டு ரெண்டு வகை வரும். ஒண்ணு ஸ்டூடியோ ஸ்டாண்டு, கறுப்புத்துணி போட்டு எடுக்கற மரப்பெட்டி கேமராவை தாங்கினது. ஆலப்புழையில 1940கள்லேர்ந்து செஞ்ச வாகீஸ்வரி கேமரா தேக்கும் பித்தளையுமா இருக்கும், நம்ம ஊர் ஸ்டூடியோக்காரங்க வரைக்கும் அதை வாங்கி வெச்சு எடுத்திருக்காங்க. இன்னொண்ணு சர்வே ஸ்டாண்டு, லெவல் பாக்கற கருவி வெக்கறது, கால் நுனியில இரும்பு கூரு இருக்கும். நம்ம பூமி தட்டு மாதிரி சமதரை, வாய்க்கால் வெட்டணும்னா அடி அடியா லெவல் எடுத்தாதான் கடைமடைக்கு தண்ணி போகும், அதனால காண்ட்ராக்ட் வேலை செஞ்ச வீடுகள்ல இந்த மர ஸ்டாண்டு பரண்ல கெடக்க வாய்ப்பு அதிகம். மாயவரம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் மூடிப்போன ஸ்டூடியோ வீடுகள்லயும் விசாரிங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுலயும் கெடைக்கும், ஆனா அங்க வெலை தெரிஞ்சவங்க இருக்காங்க.

ஒரு கடையில என்கிட்ட ஒரு ஸ்டாண்டை காட்டி, பெரிய கோயில் மேல வெள்ளைக்காரன் சர்வே பண்ணினப்ப வெச்சது சார்னு 40,000 சொன்னாங்க. சம்பவம் என்னமோ நெஜம்தான், 1808ல லாம்டன்னு ஒரு வெள்ளைக்கார சர்வே அதிகாரி தஞ்சாவூர் பெரிய கோயில் கோபுரத்து மேல தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கற கருவியை, கயிறு கட்டி ஏத்தறப்ப கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கிப்போச்சு, அப்பறம் அவரே உக்காந்து அதை நிமித்தி சரி பண்ணினாரு. ஆனா அந்த கருவி அரை டன் எடை. எனக்கு காட்டின ஸ்டாண்டு காலு என் கட்டைவிரலை விட கொஞ்சம் தடிமன், அது எப்டிங்க அரை டன்னை தாங்கும்? கதைக்கு காசு கொடுக்காதீங்க, மரத்துக்கு கொடுங்க.

போலியை கண்டுபிடிக்கறது அப்டி ஒண்ணும் கஷ்டம் இல்ல. வடக்க ரூர்க்கி, மொராதாபாத் பக்கம் பழசு மாதிரியே புதுசா செஞ்சு அனுப்பறாங்க, அதை புதுசுன்னு சொல்லி புது வெலைக்கு வித்தா தப்பே இல்ல, பழசுன்னு வித்தாதான் தப்பு. ஸ்க்ரூ தலையை பாருங்க, நூறு வருஷ ஸ்டாண்டுன்னு சொல்லிட்டு ஸ்டார் ஸ்க்ரூ இருந்தா யோசிங்க, அந்த காலத்துல ஒத்தை கோடு ஸ்க்ரூதான். பித்தளைன்னு சொல்ற இடத்துல காந்தம் வெச்சு பாருங்க, ஒட்டினா இரும்புக்கு முலாம். தேய்மானம் கை படற எடத்துல, கால் நீட்டி இறுக்கற எடத்துல மட்டும் இருக்கணும், உடம்பு பூரா ஒரே மாதிரி கருப்பா இருந்தா அது பாலிஷ். அடியில மாவு மாதிரி தூள் கொட்டுச்சுன்னா மரம் உளுத்துப்போச்சு, வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. வாங்கினதும் பித்தளையை புளி போட்டு தேய்க்கற பழக்கம் நம்ம வீடுகள்ல உண்டு, இதுக்கு மட்டும் வேணாம், மேல பூசியிருக்கற வார்னிஷும் எழுத்துல ரொப்பியிருக்கற கருப்பும் போயிடும், காஞ்ச துணியால தொடச்சா போதும்.

கடைசியில நான் என்ன பண்ணேன்னா, அந்த வாங்கின விளக்கை பிரிச்சு போட்டுட்டு அப்பாவோட பழைய ஸ்டூடியோ ஸ்டாண்டை பரண்லேர்ந்து எறக்கினேன். அதுல கேமரா மாட்டற ஸ்க்ரூ 3/8 இன்ச், விளக்கு ஹோல்டர் மாட்டற பைப் 10 எம்எம் மரை, ரெண்டும் சேராது. அதுக்காகத்தான் ஆளாளுக்கு டிரில் போடறாங்க. எனக்கு நாச்சியார்கோயில் ஞாபகம் வந்துச்சு. குத்துவிளக்கை அடிபாகம், தண்டு, தட்டு, அன்னம்னு தனித்தனியா கடைஞ்சு மரை போட்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு திருகற ஊரு, அவங்களுக்கு இது ஒரு வேலையா? ஒரு பட்டறையில வயசான பாத்தர் (அங்க விளக்கு செய்யறவங்களை அப்டித்தான் சொல்வாங்க) ஒருத்தர் ஸ்டாண்டை திருப்பி திருப்பி பாத்துட்டு, "தம்பி, இதுல ஏன் ஓட்டை போடணும், நடுவுல ஒரு துண்டு வெச்சா போச்சு"ன்னாரு. பித்தளையில ஒரு சாண் கூட இல்லாத துண்டு கடைஞ்சாரு, அடியில ஸ்டாண்டு ஸ்க்ரூவுக்கு மரை, உச்சியில ஹோல்டருக்கு மரை, பக்கவாட்டுல ஒயர் வெளிய வர ஒரு ஓட்டை, ஓரமா எர்த் மாட்ட ஒரு குட்டி ஸ்க்ரூ. கூலி, பித்தளை எல்லாம் சேத்து 900 ரூபாய். நீங்களும் விளக்கா வாங்காம ஸ்டாண்டா வாங்கி இப்டி செஞ்சுக்கிட்டா செலவும் கம்மி, ஸ்டாண்டுல ஒரு கீறல் கூட விழாது.

ஒண்ணு மறந்துட்டேன், வழவழ தரையில மூணு காலும் மெல்ல அகண்டு விளக்கு சாஞ்சிடும். ஸ்டூடியோவுல அடியில முக்கோண மரச்சட்டம் வெப்பாங்க, அது இல்லேன்னா மூணு காலையும் சின்ன சங்கிலியால இணைச்சிடுங்க, கூரான காலா இருந்தா ரப்பர் குப்பி மாட்டுங்க. குழந்தை இருக்கற வீட்டுல மூலையோட மூலையா வெச்சிடறது நல்லது.

எங்க ஸ்டாண்டு இப்ப ஹால்ல விளக்கா நிக்குது, அப்பா சாயங்காலம் அதுக்கு பக்கத்துலதான் பேப்பர் படிக்கறாரு. போன மாசம் என் பொண்ணு பொறந்தநாளுக்கு பிளக்கை புடுங்கிட்டு பித்தளை துண்டை திருகி கழட்டினாரு, ஸ்க்ரூல ஒரு சின்ன அடாப்டர் போட்டு அவரோட யாஷிகா மேட் கேமராவை மாட்டி, பேத்தியை வாசல் திண்ணையில உக்கார வெச்சு நாலு படம் எடுத்துட்டு, திரும்ப விளக்கை மாட்டி வெச்சுட்டாரு. ரோல்ல இன்னும் எட்டு படம் மிச்சம் இருக்கு, முடிஞ்சதும் சென்னைக்கு கழுவ அனுப்பணும்.